5173-ஆம் வாசல்

ஒற்றைப் பக்கச் செயலிகளை எழுதுவதில் பிரயாசை அதிகமா, எழுதியதைக் கட்டிமுடித்து பிரவுசர் ஏற்கும் வடிவில் கொடுப்பதில் பிரயாசை அதிகமா என்று யாரேனும் என்னைக் கேட்டிருந்தால், சில வருஷங்களுக்கு முன்பு வரையில் நான் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரு வரியைத் திருத்திவிட்டு, அதன் பலனைக் காண்பதற்காக வெப்பேக் என்னும் கட்டும் கருவி தன் வேலையை முடிக்கும்வரை டெர்மினலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த பொழுதையெல்லாம் கூட்டினால், ஒரு பெரிய நாவலை நிதானமாகப் படித்து முடித்திருக்கலாம்.

அந்த வெப்பேக்கைத் தன் வயிற்றுக்குள் மறைத்துவைத்துக்கொண்டு 2016-ல் வெளிவந்த கிரியேட் ரியாக்ட் ஆப்பின் துணையால் நான் எழுதிய ஒரு கணக்குச் செயலியை, அண்மையில் வீட் என்னும் உபகரணத்துக்கு மாற்றினேன். ஆசையால் மாற்றினேன் என்று சொல்வதற்கில்லை. புதுக் கணினியில் நோட் 17-க்குப் பிற்பட்ட பதிப்பு ஒன்றை நிறுவியதும், அதுகாறும் ஒழுங்காக நடந்துவந்த பில்ட், 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ் அன்சப்போர்ட்டட்' என்று யாதொரு சம்பந்தமுமில்லாத வாக்கியமொன்றை உதிர்த்துவிட்டு நின்றுபோயிற்று. விசாரித்ததில், வெப்பேக் 4 தன் ஃபைல்களுக்கு அடையாளம் இடுவதற்கு எம்டி4 என்ற பழங்காலத்து ஹாஷ் முறையைக் கையாண்டு வந்ததும், நோட் 17-உடன் வந்த ஓப்பன் எஸ்எஸ்எல் 3 அந்த முறையை வழக்கொழிந்தவற்றோடு சேர்த்து ஒதுக்கிவிட்டதும் தெரியவந்தன. பழைய முறையை அனுமதிக்கும்படி நோடுக்கு ஒரு விருப்பச் சொல்லைக் கொடுத்துச் சமாளிக்கலாம். நானும் சில மாதம் சமாளித்தேன். ஆனால் 2025 பிப்ரவரியில் புதிய செயலிகளுக்கு கிரியேட் ரியாக்ட் ஆப்பைக் கையாள வேண்டாம் என்று ரியாக்ட் குழுவினரே அறிவித்தபின், அந்த ஈரத்துணி வைத்தியத்தைத் தொடர்வதில் அர்த்தமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட் என்பது 'விரைவு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். வியூ என்னும் ஃப்ரேம்வொர்க்கை இயற்றிய எவன் யூ 2020-ல் தொடங்கிய இந்த உபகரணம், 2022-ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து 5173 என்னும் போர்ட்டில் திறக்கிறது. ஐந்தை ரோமானிய எண்ணாகவும் மற்றவற்றை உருவ ஒற்றுமையாலும் வாசித்தால் அதன் பெயரே கிடைக்கும் என்பது ஒரு விகடம். வேகத்தின் ரகசியமோ விகடமன்று. எல்லா ஃபைல்களையும் முன்கூட்டியே ஒரு மூட்டையாகக் கட்டாமல், பிரவுசர் எந்த ஃபைலைக் கேட்கிறதோ அதை மட்டும் அந்தக் க்ஷணத்தில் மாற்றிக் கொடுப்பது அதன் தந்திரம். ஆனால் லோடாஷ்-இஎஸ் போன்ற ஒரு நூலகத்துக்குள்ளேயே அறுநூற்றுக்கு மேற்பட்ட உட்கூறுகள் இருப்பதால், அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு பிரவுசர் திணறாதபடி, வெளி நூலகங்களை மட்டும் முதலிலேயே ஒன்றுசேர்த்து வைத்துக்கொள்கிறது. முதல் நாள் கட்டளையை அடித்துவிட்டு வழக்கம்போல் காபிக்கு எழுந்த நான், பக்கம் தயாராக நிற்பதைக் கண்டு மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

குடிபெயர்ப்பில் சில்லறைத் தொல்லைகள் உண்டு. இண்டெக்ஸ் ஃபைலை பப்ளிக் ஃபோல்டரிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும்; ஜேஎஸ்எக்ஸ் எழுதிய ஃபைல்களுக்கு அந்தப் பெயரையே வால்பெயராக வைக்க வேண்டும்; சூழல் மாறிகளின் பெயர்கள் 'வீட்' என்ற முன்னொட்டோடு தொடங்க வேண்டும். இந்த முன்னொட்டைப் பூட்டு என்று எண்ணிக் கடவுச்சொல்லை அதற்குள் வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வாஸ்தவத்தில் அது பூட்டைத் திறந்துவைத்திருப்பதற்கு அடையாளம். அவ்வாறு பெயரிட்டதெல்லாம் ஊரறிய பிரவுசருக்குப் போய்ச் சேரும்.

என் உண்மையான சங்கடம் செயலியைப் பொதுச் சர்வரில் ஏற்றியபின்தான் ஆரம்பமாயிற்று. என் மேஜையில் ஃபைல் ஃபைலாகப் பரிமாறிய அதே உபகரணம், வெளியே அனுப்பும்போது எல்லாவற்றையும் கட்டி, சுருக்கி, வேறொரு ரூபத்தில் தருகிறது. என்னை இரவில் விழிக்கவைத்த பிழைகள் அனைத்தும் இந்த இரண்டு ரூபங்களுக்கு இடையிலிருந்த சந்தில்தான் ஒளிந்திருந்தன. உள்ஃபோல்டர் ஒன்றில் செயலியை வைத்துவிட்டு 'பேஸ்' என்னும் அமைப்பில் அதைக் குறிப்பிட மறந்ததால் வெள்ளைப் பக்கம் வந்தது. பில் பக்கத்தில் நின்று ரிஃப்ரெஷ் செய்தால் 404 வந்தது. என் மேஜையில் ஓடும் வீட்டின் டெவ் சர்வர், இல்லாத முகவரிக்கும் முகப்புப் பக்கத்தையே எடுத்து நீட்டும்; பொதுச் சர்வரில் ஓடும் என்ஜின்எக்ஸ் அவ்வாறு செய்ய 'ட்ரை ஃபைல்ஸ்' என்ற வரியை நாம்தான் எழுதவேண்டும். ஒத்திகைக்கென்று 4173-ல் ஒரு பிரிவியூ இருக்கிறதே என்றால், அதுவும் இந்த விஷயத்தில் டெவ் சர்வரைப் போலவே தாட்சிண்யம் காட்டிக் குற்றத்தை மறைத்துவிடுகிறது. விண்டோஸில் ஓடியது லினக்ஸில் ஓடாத விந்தைக்குக் காரணம் ஒரு ஃபைல் பெயரின் முதலெழுத்து. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே அறியாத தமிழில் படித்து வளர்ந்தவனுக்கு இப்பிழை கண்ணில் படுவதற்குள் அரை நாள் கழிந்தது. டைப்ஸ்கிரிப்ட்டின் வகைப்பிழைகளை வீட் பரிசோதிப்பதேயில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அதற்கு டைப்ஸ்கிரிப்ட்டின் கம்பைலரான டிஎஸ்சியைத் தனியே ஓட்டவேண்டும்.

வெப்பேக்குக்கென்றே எழுதிய சொந்த லோடர்கள் நிறைந்த பெருஞ்செயலியை வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. மற்றவர்கள் மாறலாம் என்பதே என் அபிப்பிராயம்.

எனக்கு இன்னும் முழுதாகத் தீராத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பில்ட்டிலும், உள்ளடக்கம் மாறிய துண்டு ஃபைல்களின் பெயரும் மாறுகிறது. ஆகவே காலையிலிருந்து செயலியைத் திறந்து வைத்திருப்பவர், நான் மத்தியானம் புதுப் பதிப்பை ஏற்றியபின் வேறு பக்கத்துக்குப் போனால், அவருடைய பிரவுசர் அழிந்துபோன பழைய பெயரைக் கேட்டு ஏமாறுகிறது. இதற்கென்று வீட் எழுப்பும் 'ப்ரீலோட் எரர்' என்ற நிகழ்வைப் பிடித்துப் பக்கத்தைத் தானாகவே ரிஃப்ரெஷ் செய்யலாம் என்று எழுதிப் பார்த்தேன். பாதி நிரப்பிய பில்லும் அதோடு போய்விடுமே என்று உடனே எடுத்துவிட்டேன். இப்போதைக்குப் பழைய துண்டுகளை ஒரு வாரம் வரையில் சர்வரிலேயே விட்டுவைக்கிறேன்.