பெயர் சுட்டா நிழற்படம்

1936 மார்ச்சுத் திங்களில், கலிபோர்னியா நிப்போமோவில் பட்டாணி பறிக்கும் கூலிமக்களின் பாடியில் டொரோதியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' எனும் நிழற்படத்தை ஆவணப்படக் கலையின் கொடுமுடி என்பர். கலைத்திறனில் ஐயமில்லை. முகந்திருப்பிய மக்கள் இருவர் தோளிற் சாய, கன்னத்தில் விரல் வைத்த அன்னையின் நோக்கு எங்கோ நிலைத்துள்ளது. கூடாரக்காலைப் பற்றிய கட்டைவிரலொன்றைப் பின்னர் மறைத்தமை சிறு குறையே. பெருங்குறை வேறு. அப்பெண்ணின் பெயரை லாங் கேட்டிலர். 1960இல் எழுதிய கட்டுரையில் தாமே இதனை ஒப்பியுள்ளார்.

அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபாதலின், பெயரின்மையே படத்திற்குப் பொதுமை தந்தது என நம்மனோர் அமைதி கூறக்கூடும். யானும் ஒருகால் அவ்வாறே கருதினேன். அது பொருந்தாது. அகத்தலைவி புலவன் படைப்பு; இவரோ மெய்யாகவே பசித்திருந்தவர். லாங்கின் படங்கள் நாளிதழில் வந்தபின் அரசு அப்பாடிக்கு உணவு அனுப்பிற்று; அதற்குள் இவர் வேற்றூர் சென்றுவிட்டார். 1978இல் இன்னாரென அறியப்பட்டபோது, படத்தால் ஒரு காசும் பெற்றிலேன், எடுக்காதிருந்திருக்கலாம் என வருந்தினார். அரசுப் பணிக்கென எடுத்ததாதலின் லாங்கும் உரிமைப்பொருள் பெற்றிலர் என்பது உண்மையே. ஆயினும் புகழ் லாங்கைச் சேர்ந்தது. முகம் மட்டும் இவருடையது.