கீழிருந்து மேலாக: சிறு வைஃபை மொடியூல்களில் இணைப்புப் பழுது தேடும் முறை

ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32 போன்ற சிறு வைஃபை மொடியூல் வலையமைப்போடு இணைய மறுக்கும்போது, பழுதைக் கீழ்ப்படையிலிருந்து மேல்நோக்கித் தேடுவதே பரவலாகக் கற்பிக்கப்படும் முறை. முதலில் மின்வழங்கல், அடுத்து ரேடியோ அலை, பின்னர் கடவுச்சொல், ஐபி முகவரி, பெயர்த் தேடல், ஈற்றில் சேவையகம். ஒரு படி சரியென்று உறுதியானால்தான் அடுத்த படி. யாழ்ப்பாணத்தின் கொக்குவில் போன்ற ஊரில் இந்த முறை சோதிக்கப்படும் இடம் பெரும்பாலும் வீட்டுக் கிணற்றடிதான். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சுண்ணக்கல்லில் தேங்கும் நிலத்தடி நீரே ஆதாரம். மோட்டர் அதை இறைத்து மேலுள்ள தாங்கிக்கு ஏற்றுகிறது. தாங்கியின் நீர்மட்டத்தைக் கைபேசியில் காட்டவும், நிறைந்ததும் மோட்டரை நிறுத்தவும் விலை குறைந்த இந்த மொடியூல்கள் ஏற்றவை. மாணவர்கள் மேசையில் வைத்துச் சோதித்த கருவி கிணற்றடிக்குப் போனதும் இணைப்பை இழப்பது இத்தகைய வேலைகளில் வழக்கமான முறைப்பாடு.

படிமுறையின் பெரிய பலம், அது ஊகத்துக்கு இடம் கொடாமை. ஒவ்வொரு சோதனையும் பழுது இருக்கக்கூடிய இடத்தைச் சுருக்குகிறது. கருவிகளும் அதிகம் வேண்டியதில்லை. ஒரு மல்டிமீற்றரும் சீரியல் மொனிட்டரும் போதும். சீன நிறுவனமான எஸ்ப்ரெசிஃப் தயாரித்த ஈஎஸ்பி8266 சிப், 2014இல் ஈஎஸ்பி-01 என்ற சிறு பலகையாகப் பரவியபோது ஏடி கட்டளைகளே அதற்கு மொழி. ஒரு கட்டளைக்கு ஒரு விடை என்ற அந்த அமைப்பு படிப்படியாகத் தேடுவதற்கு ஏற்றது. இன்றைய ஆர்டுயினோ நூலகமும் இணைப்பின் நிலையை எண்ணாகச் சொல்கிறது: 1 என்றால் அந்தப் பெயரில் வைஃபை கிடைக்கவில்லை, 3 என்றால் இணைந்துவிட்டது. ஆனால் எண்ணைக் கண்மூடி நம்பலாகாது. 6 என்பது ஈஎஸ்பி8266இன் புதிய நூலகத்தில் பிழையான கடவுச்சொல்லையும், ஈஎஸ்பி32இல் வெறும் துண்டிப்பையும் குறிக்கிறது. ஒரு பலகைக்கான அட்டவணையை மற்றதற்கு வைத்துப் பார்ப்பவர் சரியான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருப்பார்.

முறையின் முதற் பலவீனம் அது மிகவும் நம்பும் அடிப்படையிலேயே இருக்கிறது. ஒரு படையில் உள்ள பழுது அந்தப் படையிலேயே தென்படும் என்று அது கொள்கிறது. சிறு மொடியூலில் அப்படி நடப்பதில்லை. மின்சாரப் பழுது வலையமைப்புப் பழுதாகவே வேடமிட்டு வருகிறது. ஈஎஸ்பி8266 தரவை அனுப்பும் கணத்தில் 170 மில்லி அம்பியர் அளவுக்கு மின்னோட்டம் இழுக்கும். உச்சங்கள் அதற்கும் மேல். எஃப்டி232ஆர் சிப் கொண்ட யூஎஸ்பி-சீரியல் பலகையின் 3.3 வோல்ற்று முனையோ 50 மில்லி அம்பியர்தான் தரும். மொடியூல் விழித்திருக்கும், கட்டளைக்கு விடையும் சொல்லும், வைஃபையில் சேர முயலும் கணத்தில் விழுந்துவிடும். மல்டிமீற்றர் சராசரியைக் காட்டுவதால் மில்லி செக்கன் அளவிலான வீழ்ச்சி அதில் தெரியாது. 3.3 என்று வாசித்துவிட்டு "மின் சரி" என்று அடுத்த படிக்கு ஏறுபவர் முறையைச் சரியாகப் பின்பற்றியே தவறான இடத்துக்குப் போகிறார். ஈஎஸ்பி32 மின்வீழ்ச்சியைத் தானே கண்டு சீரியலில் அறிவிக்கும் என்பது பெரிய ஆறுதல். ஈஎஸ்பி8266இலோ தொடங்கும் செய்தி 74880 போட் வேகத்தில் வருகிறது. 115200இல் திறந்து வைத்திருப்பவருக்கு அது குப்பை எழுத்தாகத் தெரிய, மீளத் தொடங்கியதற்கான காரணம் எழுதப்பட்ட வரி வாசிக்கப்படாமலே போகிறது.

கிணற்றடியில் இது இன்னும் சிக்கலாகிறது. வீட்டிலிருந்து மெல்லிய வயரில் 5 வோல்ற்றைத் தாங்கிவரை இழுத்தால் வழியிலேயே அழுத்தம் குறையும். 1117 வகை ஒழுங்காக்கி 3.3 வோல்ற்றுத் தர, உள்ளே வருவது அதைவிட ஒரு வோல்ற்றுக்கு மேலாவது கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கும் மேலாக, ரிலே மோட்டரைத் தொடக்கும்போதும் நிறுத்தும்போதும் எழும் மின்னிரைச்சல் மொடியூலை மீளத் தொடங்கச் செய்யும். வீட்டுக்காரர் சொல்வது "மோட்டர் போட்டால் வைஃபை போகுது" என்று. தேடுபவரோ பாதுகாப்புக் கருதி மோட்டரை நிறுத்திவிட்டுச் சோதிக்கிறார். எல்லாப் படிகளும் சரியாக இருக்கின்றன. படிமுறைக்கு இங்கே சொல்ல எதுவுமில்லை. பழுது ஒரு படையில் இல்லை, ஒரு நிகழ்வில் இருக்கிறது. மொடியூலுக்கு அருகே 470 மைக்ரோபரட் கொள்ளளவியும், ரிலேயின் தொடுகைக்குக் குறுக்கே இரைச்சல் அடக்கும் சுற்றும், ரிலேக்கும் மொடியூலுக்கும் தனித்தனி மின்வழங்கலும் இருந்தால் பெரும்பாலான "வைஃபைப் பழுதுகள்" நீங்கிவிடும். 230 வோல்ற்றுப் பக்கத்தில் கை வைப்பது தகுதியுள்ள மின்னியலாளரின் வேலை.

ரேடியோப் படியில் முறை நன்றாகவே உதவுகிறது. ஈஎஸ்பி8266உம் ஈஎஸ்பி32இன் முதல் வகைகளும் 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டுமே பேசும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை அண்டிய கொக்குவில், திருநெல்வேலி விடுதி அறைகளில் கைபேசி ஹொட்ஸ்பொட்டே பல மாணவர்களின் ரவுட்டர். அது 5 கிகாஹேர்ட்ஸில் ஒலிபரப்பினால் மொடியூலுக்கு அப்படியொரு வலையமைப்பே கிடையாது. வைஃபைகளைப் பட்டியலிடும் சிறு நிரல் இதை உடனே காட்டிவிடும். அலைவலிமை −80 டிபிஎம்முக்குக் கீழே போனால் தடித்த சுவரும் நீர் நிறைந்த தாங்கியும் நடுவில் நிற்கின்றனவா என்று பார்க்கலாம். தாங்கி நிறைய நிறைய அலை குறைவது அதிசயமல்ல. நீர் இந்த அலையை உறிஞ்சும்.

மேல்நிலைப் படிகளில் பிங் சோதனைக்குக் கொடுக்கப்படும் மதிப்பு மிகை. விண்டோஸின் தீச்சுவர் பிங்கைத் தடுத்திருக்கலாம். ரவுட்டர் ஒரே வைஃபையில் உள்ள கருவிகளை ஒன்றையொன்று காணவிடாமல் பிரித்திருக்கலாம். பிங் வெற்றி பெற்றாலும் பாதுகாப்பான இணைப்பு தோற்கலாம், ஏனெனில் சான்றிதழைச் சரிபார்க்க மொடியூலுக்குச் சரியான திகதி தெரிய வேண்டும். மின் வந்ததும் அதன் மணிக்கூடு 1970இல் நிற்கும். என்டிபி வழியே நேரம் பெறும்வரை நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். 2021 செப்ரெம்பர் 30ஆம் திகதி, லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்கள் பலவற்றுக்கு ஆதாரமாயிருந்த பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, அதை மட்டுமே நம்பியிருந்த பழைய கருவிகள் உலகெங்கும் இணைப்பை இழந்தன. வயர், அலை, முகவரி எதுவும் மாறவில்லை.

இரண்டாவது பெரிய குறை, முறை நேரத்தைக் கணக்கிலெடுப்பதில்லை. மின்வெட்டுக்குப் பின் இது நன்றாகத் தெரியும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுதும் ஒரே நேரத்தில் மின் தடைப்பட்டது. மின் திரும்பும்போது மொடியூல் ஓரிரு செக்கன்களில் எழுந்துவிடும்; ரவுட்டர் எழ நிமிடக்கணக்காகலாம். சில தடவை முயன்று கைவிடும்படி எழுதிய நிரல் அதன்பின் அப்படியே கிடக்கும். ஆள் வந்து சோதிக்கும்போது மீளத் தொடக்கினாலே இணைந்துவிடுவதால் பழுது "தானாகச் சரியானது" என்று எழுதப்படும். இடைவெளியைக் கூட்டிக்கூட்டி முடிவின்றி முயலும் நிரல் இதற்குச் சரியான மருந்து. தோல்விதோறும் முழுக் கருவியையும் மீளத் தொடக்கும் வழக்கம் கைவிடுவதைவிடக் கேடு: காரணத்தை அழிப்பதோடு, ரிலேயின் நிலையையும் இழக்கச் செய்து மோட்டரைத் தாறுமாறாக இயக்கிவிடும். நீர்மட்டக் காவல் வைஃபை இல்லாமலும் இயங்கும்படி நிரலில் தனியே இருக்க வேண்டும்.

படிமுறைக்குப் பதிலாக மொடியூலையே மாற்றிப் போட்டுப் பார்க்கும் வழி வேகமானதுதான். ஆனால் பலகையே கெட்டதா என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே அதனால் விடை தர முடியும். மின்வழங்கலில் குறை இருந்தால் புதிய பலகையும் சில நாளில் அதே முறைப்பாட்டைக் கொண்டுவரும்.

படிமுறையோடு குறிப்பேடு ஒன்றைச் சேர்த்தால் அதன் இரு குறைகளும் பெருமளவு தீரும். கடைசியாக மீளத் தொடங்கிய காரணம், துண்டிப்பின் எண், அலைவலிமை, மீந்திருக்கும் நினைவகம், இயங்கிய நேரம், ரிலேயின் நிலை ஆகியவற்றை மொடியூலே பதிய வேண்டும். வலையமைப்பு அறுந்திருக்கும்போது இவற்றை வலையமைப்பு வழியே அனுப்ப இயலாது. ஈஎஸ்பி8266இல் பயனருக்கென உள்ள 512 பைற்று ஆர்டிசி நினைவகம் மீளத் தொடக்கத்தைத் தாங்கும், மின் அறுந்தால் அழியும். ஆகவே நீண்ட மின்வெட்டைக் கடந்தும் நிற்க வேண்டிய பதிவை ஃபிளாஷில் எழுத வேண்டும். ஃபிளாஷ் எழுத எழுதத் தேய்வதால், ஒவ்வொரு செக்கனும் எழுதாமல் துண்டிப்பு நேரும்போது மட்டும் எழுதுவது போதுமானது.