ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையில் இருப்பது ஒரே வகை அரிசியானால் இது சரி. மூன்று வகை அரிசியைக் கலந்து உலையில் இட்டிருந்தால், அந்த ஒரு சோறு நம்மை ஏமாற்றிவிடும். கத்தரிக்காயை அழுகச் செய்யும் பூசணத்தின் வேறுபாடுகள் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தபோது இப்பழமொழியே என் நினைவுக்கு வந்தது. நான் பௌதிக ஆசிரியன். தாவர நோயியல் என் துறையன்று. ஆயினும் அளவீடு எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது. அந்த நோக்கில் சில கூற விரும்புகிறேன்.

இப்பூசணத்தின் பெயர் ஃபோமாப்சிஸ் வெக்சன்ஸ். 'வெக்சன்ஸ்' என்னும் லத்தீன் சொல்லுக்குத் தொல்லை தருவது என்று பொருள். 1914இல் அமெரிக்க அறிஞர் ஹார்ட்டர் இதனை விரிவாக ஆராய்ந்தார். 1942இல் கிராட்ஸ் இதன் பாலினப் பருவத்தை விவரித்தார். அப்பருவத்திற்கு டயபார்த்தே வெக்சன்ஸ் என்று பெயர். இது நாற்றுகளைச் சாய்க்கும், இலைகளில் புள்ளியிடும், காய்களில் குழிந்த பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கி அழுகச் செய்யும். அழுகிய இடத்தில் வட்ட வட்டமாகத் தோன்றும் கறுப்புப் பொட்டுகளே சிதல்கள் நிறைந்த பைகள். நோய் விதை வழியாகவும் பரவுகிறது.

இக்கட்டுரைகளின் முறை எளியது. பல ஊர்களிலிருந்து அழுகிய காய்களைத் திரட்டுவர். அவற்றிலிருந்து பூசணத்தைப் பிரித்தெடுத்து, உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் கலந்த அகர்க் கூழில் வளர்ப்பர். வளர்ச்சியின் விட்டம், நிறம், சிதல்களின் அளவு ஆகியவற்றைக் குறித்து, பூசணத்தை வகைவகையாகப் பிரிப்பர். ஊருக்கு ஊர் பூசணம் மாறக்கூடும் என்று எடுத்துக்காட்டியது இவ்வாய்வுகளின் நற்பயன். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் குறைகளும் உள்ளன. ஒரு பூசணம் 62 மி.மீ., மற்றொன்று 66 மி.மீ. வளர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரே பூசணத்தை ஐந்து கிண்ணங்களில் வளர்த்தாலே 5 மி.மீ. வேறுபாடு வருமானால், அந்த 4 மி.மீ. எதைக் காட்டுகிறது? பிழையின் எல்லையைச் சொல்லாத அளவு, அரை அளவே.

இரண்டாவது, சூழ்நிலை. வெப்பம், ஒளி, கூழின் தன்மை ஆகியவை மாறினால் நிறமும் சிதல் உற்பத்தியும் மாறும். கூழிலேயே பலமுறை மாற்றி மாற்றி வளர்த்த பூசணம் நோயுண்டாக்கும் வீரியத்தை இழப்பதும் உண்டு. பிறப்பால் வந்த வேறுபாடு எது, வளர்ப்பால் வந்த வேறுபாடு எது என்று பிரித்துக் காட்டாமல் வகை பிரிப்பது முறையாகாது.

மூன்றாவதே முதன்மையானது. கிண்ணத்தில் வெண்மையாக வளர்ந்ததா, சாம்பல் நிறமாக வளர்ந்ததா என்பது உழவருக்குத் தேவையற்றது. எந்தக் கத்தரி இரகத்தை எந்தப் பூசண வகை அழுகச் செய்கிறது என்பதே அவருக்குத் தேவை. கூழில் விரைந்து வளர்வது காயிலும் விரைந்து பரவும் என்ற உறுதி இல்லை. ஒரே வயதுடைய காய்கள், ஒரே எண்ணிக்கைச் சிதல்கள், ஒரே தொகுதி இரகங்கள் ஆகியவற்றைக் கொண்டு சோதித்தால்தான் விடை கிடைக்கும். மரபணுச் சோதனையும் இதற்கு மாற்றாகாது. இனத்தை அறிய உதவும் ஐ.டி.எஸ். என்னும் ஒரு பகுதியை மட்டும் படித்து, இனத்துக்குள்ளே உள்ள நுண்ணிய வேறுபாடுகளை அளந்துவிட முடியாது.

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. ஒரே ஊர்ப் பூசணத்தைக் கொண்டு சோதித்து, நோய் தாங்கும் இரகம் என்று ஒரு விதையை வெளியிடுகிறோம். வேறு ஊரில் வேறு வகைப் பூசணம் இருந்தால் காய் அழுகும். கடன் வாங்கிப் பயிரிட்டவர் விதையைக் குறைகூறுவார். உண்மையில் குறை சோதனையில் இருக்கும்.

மாணவர்களே, ஆய்வுக்கூடத்தில் ஒரே கம்பியின் விட்டத்தை ஐந்து முறை அளக்கச் சொல்லும்போது சலித்துக்கொள்கிறீர்கள். அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கமே நாளை ஒரு கத்தரித் தோட்டத்தைக் காக்கலாம். பதம் பார்ப்போம், ஆனால் பானையின் பல இடங்களிலும் பார்ப்போம், ஒரே கரண்டியால்!