சந்திராவின் 66 பந்துகள்

பி.எஸ்.சந்திரசேகர் என்றதும் பேச்சு அந்த வலது கைக்குப் போய்விடுகிறது. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி மெலிந்த கை. ஃபீல்டிங்கில் இடது கையால் எறிவார், பந்துவீச மட்டும் வலது கை. அந்தக் கை சாட்டையாகச் சுழன்றதால்தான் விக்கெட் விழுந்தது என்ற விளக்கம் எனக்குப் பாதிதான் ஒப்புகிறது.

அவர் என்ன வீசினார் என்பதைப் பார்க்க வேண்டும். லெக் ஸ்பின்னருக்கு லெக் பிரேக்தான் அன்றாடச் சரக்கு. கூக்ளி எப்போதாவது வரும். சந்திரா அதைத் தலைகீழாக்கினார். கூக்ளியும் டாப் ஸ்பின்னுமே பிரதானம், அதுவும் மிதவேகத்தில். காற்றிலேயே பந்தைக் கணிக்க நேரமில்லை, பிட்சான பிறகு சுதாரிக்கவும் நேரமில்லை. அரைமனதாக பேட்டை நீட்டினால் ஷார்ட் லெக்கில் ஏக்நாத் சோல்கர் காத்திருப்பார்.

1971 ஆகஸ்ட், இங்கிலாந்துத் தொடரின் ஓவல் டெஸ்ட். மூன்று ஆண்டுகளுக்கு மேல் டெஸ்ட் அணியில் இல்லாதிருந்து, அந்தத் தொடரில்தான் திரும்பியிருந்தார். முதல் இன்னிங்ஸில் இங்கிலாந்துக்கு 71 ரன் முன்னிலை. இரண்டாவது இன்னிங்ஸில் ஜான் எட்ரிச் பேட்டை இறக்குவதற்குள் ஸ்டம்ப் சாய்ந்தது. கீத் ஃப்ளெட்சர் ரன் எடுக்காமலே சோல்கரிடம் கேட்ச். இங்கிலாந்து 101-க்கு ஆல் அவுட், சந்திராவுக்கு 38 ரன்னுக்கு 6. இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது.

அன்றைய இந்தியச் சுழற்பந்து நால்வரில், ஒரு விக்கெட்டுக்கு பிரசன்னாவுக்கு ஏறத்தாழ 76 பந்துகள் தேவைப்பட்டன; பேடிக்கு 80, நம் வெங்கட்ராகவனுக்கு 95. சந்திராவுக்கு 66. ஆனால் நால்வரில் ஓவருக்கு அதிக ரன் விட்டுக்கொடுத்தவரும் அவரே: 2.70. அந்த வேகத்தில் கூக்ளி வீசினால் லெங்த் தவறத்தான் செய்யும். அதைப் பொறுத்துக்கொள்ளும் கேப்டன் கிடைத்தபோதெல்லாம் ஆட்டம் திரும்பியது. (பேட்டிங்கைப் பற்றிக் கேட்காதீர்கள். 58 டெஸ்டில் 242 விக்கெட், 167 ரன்.)

சந்திராவின் கர்நாடகத்திலிருந்தே பின்னால் வந்த அனில் கும்ப்ளேவும் வேக லெக் ஸ்பின்னர்தான். அவருடைய கணக்கும் விக்கெட்டுக்கு 66 பந்து, ஓவருக்கு 2.69 ரன். எண்களை மட்டும் வைத்தால் இருவரையும் பிரிக்கவே முடியாது. ஆனால் பேட்ஸ்மேன்கள் அடித்து ஆடிய காலத்தில் 2.69 என்பது சிக்கனம். எழுபதுகளில் 2.70 தாராளம். கும்ப்ளே ஒரு முனையைப் பூட்டிவைத்து விக்கெட் எடுத்தார். சந்திராவைப் பந்துவீச அழைத்தால் பூட்டு உடைவது எந்தப் பக்கம் என்று அவருடைய கேப்டனுக்கே தெரியாது.