தலைநகரச் சின்னங்கள்: மூன்று மரபுகள், ஒரு தரம்

மலேசியாவின் தேசியச் சின்னமான ஜாத்தா நெகாராவில் கோலாலம்பூருக்குத் தனிக் கட்டம் இல்லை. பினாங்குக்குப் பாக்கு மரம் உண்டு, மலாக்காவுக்கு அதன் பெயர்கொண்ட மரம் உண்டு, சபாவுக்கும் சரவாக்குக்கும் அவரவர் சின்னம் உண்டு. தலைநகருக்கு மட்டும் கேடயத்தில் ஒரு மூலைகூட இல்லை. இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. சின்னக்கலை முறைப்படி செய்ததுதான். அந்த முறை விளங்க வேண்டுமானால், நம் கண்முன் கலந்து நிற்கும் மூன்று மரபுகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதல் மரபு: முத்திரை

தமிழ் வேந்தர்களுக்குக் கேடயச் சின்னம் கிடையாது. அவர்களுக்குக் கொடியும் இலச்சினையுமே அடையாளம். சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல், சேரருக்கு வில், பல்லவருக்கு இடபம். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் தங்கள் காசுகளில் நந்தியைப் பொறித்து, கீழே தமிழில் ‘சேது’ என்று எழுதினார்கள்.

இந்த மரபின் உச்சம் சோழர் செப்பேட்டு வளைய முத்திரை. நடுவில் புலி, அருகில் இரட்டைக் கயல், வில், மேலே வெண்கொற்றக் குடை, இரு பக்கமும் சாமரம். வென்ற நாட்டின் சின்னத்தை அழித்துவிடாமல் தன் முத்திரைக்குள் வைத்துக்கொள்வது சோழர் வழக்கம். யாருடைய நிலம் யாருடைய குடைக்கீழ் வந்தது என்பதை எழுத்தறியாதவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படியொரு முத்திரை தாங்கிய ஆனைமங்கலச் செப்பேடுகள் இந்த மண்ணோடு நேரடித் தொடர்புடையவை. ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, 1006ஆம் ஆண்டில் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையளித்தான். கடாரம் என்பது இன்றைய கெடா. 21 ஏடுகள் கொண்ட இந்தத் தொகுதி பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர் பெற்றது.

இரண்டாம் மரபு: கேடயம்

ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில், முகம் மறைத்த வீரர்களை அடையாளம் காணும் தேவையோடு கேடயச் சின்னம் வளர்ந்தது. அதனால்தான் அதன் விதிகள் எல்லாம் கண்ணுக்கானவை. மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி எனப்படும் உலோகங்கள். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை போன்றவை வண்ணங்கள். வண்ணத்தின்மேல் வண்ணமோ உலோகத்தின்மேல் உலோகமோ வரக்கூடாது. தொலைவிலிருந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே காரணம். லண்டனில் 1484ஆம் ஆண்டு முதல் இதற்கென அரச சாசனம் பெற்ற சின்னக் கல்லூரி இயங்குகிறது.

நகரங்களும் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டன. பாரிஸின் கேடயத்தில் ஓடும் கப்பல் சேன் நதிப் படகு வணிகர்களின் முத்திரையிலிருந்து வந்தது. பெர்லினுக்குக் கரடி. லண்டன் மாநகருக்குப் புனித ஜார்ஜின் சிலுவையும் புனித பவுலின் வாளும்.

மூன்றாம் மரபு: படைக்கலமும் பிறையும்

மலாய் அரச மரபில் கிரிஸ், ஈட்டி, பிறை, விண்மீன், ஜாவி எழுத்து ஆகியவை முதன்மை பெறுகின்றன. சிலாங்கூர்ச் சின்னத்தில் படைக்கலங்களுக்கு மேலே பிறையும் விண்மீனும் நிற்கும். இறைவனால் காக்கப்படுவது என்ற பொருளுடைய வாசகம் ஜாவியில் அமையும். சிவப்பும் மஞ்சளும் அம்மாநிலக் கொடியின் நிறங்கள். அரச நகரான கிள்ளானில், இஸ்தானா ஆலாம் ஷா பக்கம் போனால் இந்த நிறங்களை எங்கும் காணலாம். 2024 பிப்ரவரி 5 அன்று கிள்ளான் மாநகரமானபோதும் ‘அரச’ என்ற அடைமொழியை விடாமல் வைத்துக்கொண்டது.

மரபுகள் சந்தித்த இடம்

கேடய மரபும் மலாய் மரபும் சந்தித்ததன் விளைவே ஜாத்தா நெகாரா. இரு புறமும் எழுந்து நிற்கும் புலிகள் கூட்டரசு மலாய் மாநிலங்களின் சின்னத்திலிருந்து வந்தவை. அந்தக் கூட்டரசின் தலைநகர் கோலாலம்பூர். இந்தப் புலியைச் சோழர் புலியோடு முடிச்சுப் போடுவோர் நம்மிடையே உண்டு. அது ஆசையே தவிர வரலாறு அன்று. இது மலாயாக் காட்டுப் புலி.

கேடயத்தின் மேற்பகுதியிலுள்ள ஐந்து கிரிஸ்கள் ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய ஐந்துக்கும் உரியவை. நடுவிலுள்ள சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் கொடிகளின் நிறங்கள். 1963இல் மலேசியா உருவானபோது சிங்கப்பூருக்கும் கேடயத்தில் இடம் கிடைத்தது. 1965இல் அது பிரிந்தபின் அந்த இடத்தில் தேசிய மலரான செம்பருத்தி மலர்ந்தது. பிரிவுக்குப் பின்னும் சிங்கப்பூர் பழைய உறவைத் தன் சின்னத்திலிருந்து அழிக்கவில்லை. 1959இல் ஏற்கப்பட்ட அதன் கேடயத்தைத் தாங்கும் விலங்குகளில் ஒன்று சிங்கம், மற்றொன்று மலாயா உறவைச் சொல்லும் புலி. அது இன்றும் அங்கேயே நிற்கிறது.

ஆக, இந்தக் கேடயம் நிலங்களின் பட்டியல். இனங்களுக்கோ தொழில்களுக்கோ அதில் கட்டம் இல்லை. தண்டவாளம் போட்ட, பால் மரம் வெட்டிய தமிழர் அதில் இல்லையே என்று கேட்பது இயல்புதான். ஆனால் சீனரும், மலாய் உழவரும், கடசானும்கூட இனம் என்ற முறையில் அதில் இல்லை.

தலைநகர் எங்கே?

கோலாலம்பூர் 1972 பிப்ரவரி 1 அன்று மாநகரமானது. 1974இல் அதே நாளில் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. எந்த மாநிலத்துக்கும் உரியதல்லாத ஊருக்கு மாநிலங்களின் பட்டியலில் இடம் எப்படி வரும்? சின்னத்தின் உச்சியிலுள்ள 14 முனை விண்மீனைப் பாருங்கள். 13 முனைகள் மாநிலங்களுக்கு. பதினான்காவது கூட்டரசு அரசாங்கத்துக்கு. தலைநகரின் இடம் அதுதான்.

1990 மே 14 அன்று, நகர நிர்வாகத்தின் நூற்றாண்டையொட்டி ஏற்கப்பட்ட கோலாலம்பூர்க் கொடியும் இதையே சொல்கிறது. நீலப் பரப்பு, மேலும் கீழும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள், நடுவில் மஞ்சள் பிறையும் விண்மீனும். நிறங்களும் உருவங்களும் தேசியக் கொடியிலிருந்து எடுத்தவை. புத்ராஜெயா இன்னும் ஒரு படி மேலே போய், ஜாத்தா நெகாராவையே தன் கொடியின் நடுவில் வைத்துக்கொண்டது.

தலைநகரங்களில் இருவகை உண்டு. தன் மண்ணைச் சொல்பவை ஒன்று. தான் தாங்கும் நாட்டைச் சொல்பவை மற்றொன்று. பாரிஸ் முதல் வகை. நகர வாயிலுக்குள் தேசிய நினைவுச் சின்னத்தை வைத்த ஜகார்த்தா இரண்டையும் இணைக்கப் பார்த்தது. கோலாலம்பூர்க் கொடி முற்றிலும் இரண்டாம் வகை. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடம் அதில் இல்லை, ஈயமும் இல்லை. 1881இன் தீக்கும் வெள்ளத்துக்கும் பிறகு ஊரைச் செங்கல்லால் எழுப்பப் பிரிக்பீல்ட்ஸில் எரிந்த சூளைகளும் இல்லை. முறைப்படி அது பிழையற்ற கொடி. ஆனால் ஊர்மணம் குறைந்த கொடி என்பது என் முடிவு.

தரம் என்பது என்ன?

மூன்று மரபுகளுக்கும் பொதுவான உரைகல் ஒன்று உண்டு: சின்னத்தின் ஒவ்வொரு உறுப்பும் ‘நீ ஏன் இங்கே இருக்கிறாய்’ என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். சோழர் முத்திரையில் கயலுக்கு விடை உண்டு, ஜாத்தா நெகாராவில் செம்பருத்திக்கும் உண்டு. விவேகானந்தர் வகுத்த இராமகிருஷ்ண சங்கச் சின்னத்தில் அலைநீர் கர்மம், தாமரை பக்தி, உதயசூரியன் ஞானம், சூழ்ந்த பாம்பு யோகம், அன்னம் பரமாத்மா. 1904 முதல் பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரால் ஓர் ஆசிரமம் இருக்கும் நமக்கு இந்தப் பாடம் வெளியூர்ச் சரக்கு அன்று.

நம் சங்கங்களும் கோயில்களும் பள்ளிகளும் இந்தக் கேள்வியைத் தங்கள் சின்னத்திடம் கேட்டுப் பார்க்கட்டும். குத்துவிளக்கு, புத்தகம், உலக உருண்டை, கைகுலுக்கல், வளைவாக மூன்று மொழிகளில் பெயர் என அனைத்தையும் ஒரே வட்டத்துக்குள் திணித்தால், கடிதத்தாளின் மூலையில் அது கறுப்புப் பொட்டாகத்தான் தெரியும். சேவற்கொடி ஒன்றே போதும், அது முருகன் கோயில் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். அரசுச் சின்னங்களை வணிகத்துக்கு எடுத்தாள்வதைத் தடுக்க 1963ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. மலர் அட்டைக்கும் விளம்பரத்துக்கும் ஜாத்தா நெகாராவை எடுக்குமுன் அதையும் நினைவில் வைப்பது நல்லது.

புதிய சின்னம் வரைய அமரும் செயற்குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: உருவம் இரண்டுக்கு மேல் வேண்டாம், நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தை அன்றே கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள்.