விதைக்கு முன்னால் பட்டா

இயற்கை வேளாண்மை பற்றித் தமிழில் எழுதப்படுகிறவற்றைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அதன் இலக்கணம் மனப்பாடமாகியிருக்கும். முதலில் பாட்டன் காலம், பொன் விளைஞ்ச பூமி. பிறகு பசுமைப் புரட்சி, 1966-இல் ஐ.ஆர்.8, யூரியா, மண் செத்த கதை. கடைசியில் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் பஞ்சகவ்யத்துக்கும் திரும்பச் சொல்லி ஓர் அழைப்பு. மண் செத்தது பொய்யில்லை. மருந்து டேங்கைத் தோளில் மாட்டிக்கிட்டு அந்த விஷத்தைச் சுவாசிச்சவன் பெரும்பாலும் நம்ம ஆள்தான். அதனால் இந்த எழுத்தை எட்டி நின்று ஏளனம் செய்ய நமக்கு முடியாது. ஆனால் 'திரும்புவோம்' என்கிறார்களே, யாரு திரும்புறது, யாரோட நிலத்துக்கு?

மசானபு ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' இவர்கள் கையில் வேதம் மாதிரி. 1975-இல் ஜப்பானில் வெளிவந்த நூல். உழாதே, உரம் போடாதே என்ற அந்த மனுசன் வேலையை உதறிவிட்டுப் போனது அப்பாவின் பழத்தோட்டத்துக்கு. போக ஓர் இடம் இருந்தது. இன்னொன்றையும் நம்மவர்கள் சொல்வதில்லை. 1946-இல் அங்கே நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து, குத்தகைக்காரர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். ஃபுகோகாவின் அப்பாவுக்கே நெல் வயலில் பெரும்பகுதி போய் அரை ஏக்கருக்கும் குறைவாகத்தான் மிஞ்சியது. ஆக, அவர் சிறு விவசாயத்தைப் பற்றி எழுதியபோது அங்கே சிறு விவசாயி என்று ஒருத்தன் நிஜமாகவே இருந்தான். நாம வைக்கோலை மட்டும் இறக்குமதி பண்ணிக்கிட்டோம்.

இங்கே நிலைமை என்ன? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கச் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தது நூற்றுக்கு 9 பங்குகூட இல்லை. 2011 மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு 16-க்கும் மேல். கிடைத்ததும் தங்கவில்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பத்து வருசம் விற்கக் கூடாது, அதுக்கப்புறமும் நம்மவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-இல் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். மண்புழுவுக்குக் கண்ணீர் விடுகிற கட்டுரைகளில் இந்த இரண்டு பேரையும் தேடிப் பாருங்கள்.

'உணவு இறையாண்மை' என்ற சொல்லை 1996-இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டையொட்டி வியா கம்பேசினா என்ற உலக விவசாயிகள் இயக்கம் முன்வைத்தது. எதை விளைவிப்பது, எதைச் சாப்பிடுவது என்பதை மக்களே தீர்மானிக்கிற உரிமை. நல்ல சொல். தமிழுக்கு வரும்போது அதோடு 'சமூகம்' என்ற சொல்லும் ஒட்டிக்கிட்டு வருது. நம்ம பக்கத்தில் சமூகம் என்றால் ஊர். சேரி அதுக்கு வெளியே. பஞ்சகவ்யத்தில் மாட்டிலிருந்து வருகிற ஐந்து பொருள் உண்டு. ஆறாவதான கறியைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது.

பூச்சிமருந்து அழித்த உணவுகளைக் கணக்கெடுக்கிறவர்கள் நெல் ரகங்களை வரிசையாக எண்ணுகிறார்கள். நியாயம். சேரியின் சட்டியில் விழுந்தது வேறு: வயல் நண்டு, நத்தை, வாய்க்காலில் கெளுத்தி, குறவை, வரப்பில் முளைச்ச கீரை, அறுப்பு முடிஞ்சதும் எலி வளையைத் தோண்டினால் எலியும் கொஞ்சம் நெல்லும். பட்டா இல்லாதவளுக்கு அந்த வயல் தந்த ஒரே சாப்பாடு இது. மருந்து முதலில் கொன்றது இதைத்தான். பாரம்பரிய உணவுப் பட்டியல்களில் இதுக்கு இடமில்லை. கமலை இறைத்த காலத்தைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் அதுக்குத் தோல் தைத்த கையைச் சொல்வதில்லை. பூமணியின் 'பிறகு' (1979) தோல் தைத்துப் பிழைக்கும் அழகிரியின் கதை. அதையும் விவசாய நாவலாக வாசிக்கலாமே? நெல்லைக் கூலியாகக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25-இல் வெண்மணியில் 44 பேரை எரித்தார்களே, அது உணவு இறையாண்மைப் போராட்டம் இல்லையா?

வேறு மாதிரி செய்ய முடியாதா என்றால், தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் செய்திருக்கிறார்கள். தக்காண வளர்ச்சிச் சங்கத்தோடு சேர்ந்து இயங்கும் பெண்கள் சங்கங்களில் பெரும்பாலும் தலித் பெண்கள். அரசு கொடுத்த கல்லும் செம்மண்ணுமான துண்டு நிலங்கள். சில இடங்களில் கூட்டுக் குத்தகை. ஒரே கொல்லையில் சோளம், தினை, துவரை என்று பத்துக்கும் மேற்பட்ட பயிர். விதை அவர்கள் வீட்டுக் கூடையில். தானாக முளைக்கிற கீரைகளையும் உணவாகவே கணக்கில் வைத்தார்கள். 1990-களில் ரேஷன் அரிசிக்கு மாற்றாகத் தரிசைத் திருத்திச் சோளம் போட்டு, கடனைச் சோளமாகவே திருப்பி வாங்கி, சொந்தத் தானியக் களஞ்சியம் நடத்தினார்கள். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்பதைத் தாசில்தார் முடிவு பண்ணவில்லை, ஊரிலேயே கூடி முடிவு பண்ணினார்கள். 2019-இல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசு வந்தது. துண்டு நிலமானாலும் காலடியில் நிலம் இருந்தது, அதனால் 'தீர்மானிப்பது' என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இருந்தது.

விதைத் திருவிழாவுக்கு அழைப்பு வந்தால் போவோம். போகும்போது அந்தக் கிராமத்து 'அ' பதிவேட்டின் நகலையும் எடுத்துக்கிட்டுப் போவோம். டி.சி. நிலம் என்று எழுதியிருக்கிற சர்வே எண்களை மேடையில் வாசிக்க ஐந்து நிமிசம் கேட்போம்.