பிணை நின்ற பெருவீரம்

காப்பியத் தலைவன் தன்னிகர் இல்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தமிழ் இலக்கண மரபு. அந்நிகரின்மை எதனால் அமைகின்றது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகின்றது. தோள்வலியும் வாள்வலியுமே அதன் அளவுகோல் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அலீ (ரலி) அவர்களின் போராற்றலைப் பாடும் படைப்போர் இலக்கியங்களை நாம் விரும்பிக் கேட்டதும், சீறாப்புராணத்தின் வீரத்தைப் பேச வருவோர் பத்றுப் படலத்தையே முதலில் நாடுவதும் இதனாலேயாகும்.

17ஆம் நூற்றாண்டினரான உமறுப்புலவர் நாட்டுப் படலம், நகரப் படலம் எனத் தமிழ்க் காப்பிய நெறியிலேயே தம் நூலைத் தொடங்குகின்றார். ஆயினும், அவர் காட்டும் தலைமைப் பண்பு மானுக்குப் பிணைநின்ற படலத்தில்தான் முழுமையாக வெளிப்படுகின்றது என்பது நம் கருத்து.

வேடன் வலையிற்பட்ட பெண்மான், கன்றுக்குப் பாலூட்டி மீள்வதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடுகின்றது. அவர்கள் மானை வலிந்து பறிக்கவில்லை. அற்புதத்தால் கட்டறுக்கவும் இல்லை. வேடனின் உரிமையை ஏற்று, தம்மையே பிணையாக வைக்கின்றார்கள். நபித்துவத்திற்கு முன்பே ‘அல் அமீன்’ எனப் போற்றப்பெற்றவர்களிடம் இருந்த முதல் சொல் ஒன்றே. அச்சொல்லின் பொறுப்பை உணர்ந்து மான் கன்றுடன் திரும்புகின்றது. வேடன் மனம் மாறுகின்றான். தான் நம்பகமானவனாக இருப்பதோடு, தன்னைச் சார்ந்தோரையும் நம்பகமானவராக்குவதே தலைமை என்பதைப் புலவர் இங்கே நிறுவுகின்றார்.

இந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என ஹதீஸ் அறிஞர் சிலர் கூறுவர். அத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று, காப்பியத்தை மார்க்கச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. ஆனால், அதன் பொருட்டு இப்படலத்தையே ஒதுக்குவோர் புலவரின் நோக்கைத் தவறவிடுகின்றனர். மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் அல்லன், சினத்தின்போது தன்னை அடக்குபவனே வலிமையுடையவன் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றது. புலவர் பாடிய பண்பு அந்த உறுதியான அடித்தளத்தின்மீதே நிற்கின்றது.

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, தம்மை ஊரைவிட்டு அகலச் செய்தோர் எதிரே நிற்க, நபி பெருமானார் (ஸல்) பொதுமன்னிப்பு வழங்கினார்கள். உமறுவின் காப்பியம் அந்நிகழ்ச்சியை எட்டுமுன்பே நின்றுவிடுகின்றது. எஞ்சிய வரலாறு பனீ அகுமது மரைக்காயரின் சின்னச் சீறாவுக்கு உரியதாயிற்று. எனினும், பறிக்கும் ஆற்றல் இருந்தும் பறிக்காத அந்த மாண்பின் வித்தை, மானுக்குப் பிணைநின்ற காட்சியிலேயே நாம் காண்கின்றோம்.

பத்றுக் களத்தில் ஏறத்தாழ ஆயிரவரை எதிர்கொண்ட 313 பேரின் வீரத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. அக்களத்திற்கு அறத்தகுதி தந்தது எது என்பதே நம் வினா. சொன்ன சொல்லுக்குத் தன்னையே ஈடாக வைப்பவன் கையில்தான் வாளும் அறத்தின் கருவியாகின்றது. அத்தகுதியற்ற கையில் அது வெறும் இரும்பே.